காண்டாமிருகத்தின் வலது பின்னங்கால்

நியூயார்க்கில், க்வீன்ஸ் பக்கத்து மாஸ்பெத்தில் யாரை வேண்டுமானாலும் தெருவில் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள், நன்றித் திருநாள் ஊர்வலத்தைப் பார்த்திருக்கிறாயா என்று. "பாக்காமலா? வருஷா வருஷம்!" என்பார்கள். "நேர்லயா?" என்று இன்னொரு முறை அழுத்திக் கேளுங்கள். தலையைச் சொறிவார்கள். அயோவாக்காரன் விமானம் பிடித்து வந்து, ஓட்டலுக்குப் பணத்தைக் கொட்டி, குளிரில் விறைத்துக்கொண்டு நின்று பார்க்கிறான். ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற க்வீன்ஸ்காரன் போர்வைக்குள் கிடந்து டிவியில் பார்க்கிறான். நடுவில் ஒரே ஒரு ரயில்தான், அதில் ஏறத்தான் சோம்பல்.

பெர்னடெட் கவ்ரோன்ஸ்கியைச் சோம்பேறி என்று சொன்னால் மட்டும் எனக்குக் கோபம் வரும். பள்ளிக்கூடச் சமையலறையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு போட்டுவிட்டு வந்து, வீட்டில் மறுபடியும் அடுப்பைப் பற்ற வைக்கிறவள் அவள். குள்ளம். குரல் மட்டும் ஆறடி. "வரிசையில நில்லுடா" என்று அவள் சமையலறையில் போடும் சத்தம் தெருமுனை சலவைக்கடை வரை கேட்கும். ஊரில் எல்லாருக்கும் அவள் பெர்னி. கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில் பிறந்தாள், அதற்கு இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டாள். அவ்வளவுதான் அவள் செய்த பயணம்.

அவள் ஊர்வலத்துக்குப் போகாததற்குக் காரணம் வான்கோழி. சின்ன வயதில், அம்மா வான்கோழி வாட்டும்போது உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்த்தி வைத்தார்கள். கல்யாணமான பிறகு வான்கோழி அவள் தலையில் விழுந்தது. எங்கள் பக்கத்தில் சட்டம் ஒன்றுதான்: காலையில் பறவையை அடுப்புக்குள் தள்ளிய பெண் வீட்டைவிட்டு நகரக் கூடாது. ஒழுகும் கொழுப்பை எடுத்து எடுத்து அதன் முதுகில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆண்கள் ஊர்வலம் பார்க்கலாம், கால்பந்து பார்க்கலாம், சோபாவில் கவிழ்ந்து குறட்டை விடலாம். கேட்டால் பண்டிகையாம்!

பெர்னியின் புருஷன் ஸ்டாஷ் அதற்கும் ஒரு படி மேலே. ஊர்வலத்தை நடத்தும் பெரிய கடையின் கிடங்கில் அவனுக்கு வேலை. ராட்சத பலூன்களின் கயிற்றைப் பிடித்து நடக்கிறவர்கள் எல்லாம் அந்தக் கடை ஆட்களும் அவர்களுடைய உறவுக்காரர்களும்தான். ஸ்டாஷ் வேலைக்குச் சேர்ந்த வருஷமே கயிற்றைப் பிடித்துவிட்டான். முதலில் ஒரு கோமாளித் தலை, பிறகு ஒரு ராக்கெட், கடைசியாகச் சிவப்புக் கழுத்துத்துணி கட்டிய காண்டாமிருகம். ஐந்து மாடி உயரம். அதன் வலது பின்னங்காலில் தொங்கும் கயிறு ஸ்டாஷுடையது. வேறு எவனையும் தொட விடமாட்டான்.

முதல் வருஷம், கூட நடந்த ஒரு தடியன் அவனிடம் ஒரு ரகசியம் சொன்னான். ஆறாம் அவென்யூவில், பெரிய கடிகாரம் வைத்த கட்டடத்துக்கு எதிர் மூலையில், விளக்குக் கம்பத்து உச்சியில் ஒரு கேமரா இருக்கிறது. டிவிக்காரர்களுடையது. அதைப் பார்த்துக் கையாட்டினால் முகம் நேராக வீட்டுக்குப் போகும். அவ்வளவுதான், ஸ்டாஷுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றிலிருந்து வருஷா வருஷம் அந்த மூலை வந்ததும் ஒரு கையைக் கயிற்றிலிருந்து எடுத்து, கம்பத்து உச்சியைப் பார்த்து ஆட்டுவான். அடுப்படியில் நிற்கும் பெண்டாட்டிக்கு!

அந்த முதல் வருஷம் பெர்னி கையில் கரண்டியோடு ஓடிவந்து டிவி முன்னால் நின்றாள். பலூனின் தாடையைக் காட்டினார்கள், காதைக் காட்டினார்கள். கீழே கயிறு பிடித்தவர்கள் எறும்பு வரிசை மாதிரி இருந்தார்கள். சரி, இப்போது காட்டுவான் என்று மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தால், பற்பசை விளம்பரம் போட்டான் பாவி. அதற்குள் அடுப்பின் மணி அடித்துவிட்டது.

மத்தியானம் ஸ்டாஷ் வீட்டுக்கு வந்தான். முகமெல்லாம் சிவந்து, காது விறைத்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டான்: "பாத்தியா?"

அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? "பாத்தேன்" என்றாள்.

அதோடு போயிற்றா? வருஷா வருஷம் "பாத்தியா?", வருஷா வருஷம் "பாத்தேன்." சாப்பாட்டு மேஜையில் ஒவ்வொருவரும் தன் நன்றியைச் சொல்லும் முறை வரும் இல்லையா, அதில் ஸ்டாஷ் எப்போதும் ஒரே நன்றிதான் சொல்வான். "அந்தக் கேமராவுக்குப் பின்னாடி உக்காந்திருக்கானே, அந்த முகம் தெரியாத மனுஷன், அவன் நல்லா இருக்கணும். அவன் புண்ணியத்துல பெர்னி என்னைப் பாக்குறா." பெர்னி தட்டைப் பார்த்துக்கொண்டு கிரான்பெரி சாஸைக் கிளறிக்கொண்டிருப்பாள்.

இந்த வருஷம் ஸ்டாஷின் முழங்கால் கைவிட்டுவிட்டது. டாக்டர் தேதி குறித்துவிட்டார், அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு கிடங்கும் கிடையாது, கயிறும் கிடையாது. "இந்தத் தடவைதான் கடைசி" என்று ஒரு நாள் சூப் குடித்துக்கொண்டே சொன்னான், உப்பு குறைவு என்று சொல்கிற மாதிரி. ஒரே ஒரு தடவை, பொய் இல்லாமல், தன் கண்ணால் அந்தக் கையாட்டலைப் பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கே பெர்னியின் மனசுக்குள் ஆசை விழுந்தது. ஆனால் வான்கோழியை யார் பார்த்துக்கொள்வது? யாரிடமும் சொல்லவில்லை.

நன்றித் திருநாள் விடிவதற்கு முன்பே ஸ்டாஷ் கிளம்பிப் போய்விட்டான். பெர்னி எழுந்து, வெண்ணெயை உருக்கி வைத்துவிட்டு, பறவையை எடுக்கலாம் என்று நிலவறையில் இதற்கென்றே கிடக்கும் பழைய குளிர்பெட்டியைத் திறந்தாள். உள்ளே பறவை இல்லை. பக்கத்தில் இருந்த உறைபெட்டியைத் திறந்தாள். அதற்குள், வாங்கிக் கொண்டுவந்து போட்ட அதே மூலையில், வான்கோழி பாறாங்கல் மாதிரி கிடந்தது. விரலால் தட்டிப் பார்த்தாள். டொக் டொக்கென்று சத்தம் வந்தது.

பல நாள் முன்னாலேயே அதை வெளியே எடுத்து, உறைவு இளக வைத்திருக்க வேண்டும். கனமாக இருக்கும் என்பதால் அது எப்போதும் ஸ்டாஷின் வேலை. இந்தத் தடவை முழங்கால் வலியில் மறந்துவிட்டான் போலிருக்கிறது. அமெரிக்காவில் எந்தக் குடும்பத்திலும் மன்னிப்பே கிடையாத குற்றம் இது. வான்கோழியை மாடிச் சமையலறைக்குத் தூக்கி வந்த பெர்னிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த நேரம் பார்த்து ஸ்டாஷின் அக்கா லொரெய்ன் கீழ்வீட்டிலிருந்து வந்தாள். இரண்டு குடும்ப வீடு, அவள் கீழே, இவர்கள் மேலே. தலைமுடியில் சுருள் உருளைகள், மேலே பூப்போட்ட அங்கி. வருஷா வருஷம் இதே நேரத்துக்கு மேற்பார்வை பார்க்க வந்துவிடுவாள்.

"என்ன பெர்னி, வான்கோழி உள்ள போயாச்சா? போன வருஷம் மாதிரி நெஞ்சுக்கறிய காய வச்சிராத. எனக்குப் பல்லு ரெண்டுதான் சொந்தம்."

பெர்னி வான்கோழியை எடுத்து மேஜையில் போட்டாள். மேஜை அதிர்ந்தது.

லொரெய்ன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அடிப்பாவி! இது என்னடி கல்லு? இத வச்சு ஆளையே கொல்லலாம்!"

"உன் தம்பி எடுத்து வைக்க மறந்துட்டான்."

"அவன் மறப்பான், ஆம்பள. நீ பாக்க வேண்டாமா? எங்கம்மா இருந்திருந்தா..."

"உங்கம்மா இருந்திருந்தா உன்னையும் சேத்துத் திட்டியிருப்பாங்க. இப்ப என்ன செய்யலாம், அதச் சொல்லு."

லொரெய்னுக்கு யோசனை கேட்டால் போதும், கோபம் பறந்துவிடும். "குளியல் தொட்டியில போடு. பச்சத் தண்ணி நெறைய விடு. அரை மணிக்கு ஒருதடவ தண்ணிய மாத்தணும். மாத்தாம விட்டா கெட்டுப்போயிரும். சாயங்காலத்துக்குள்ள இளகும், அதுக்கப்புறம்தான் அடுப்பு. ராத்திரிக்குத்தான் கறி."

இரண்டு பேரும் சேர்ந்து தூக்கிக்கொண்டுபோய்த் தொட்டியில் இறக்கினார்கள். பெர்னி குழாயைத் திறந்துவிட்டு, தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. காலை ஆறரை மணி. அடுப்பு காலி. கை காலி. சாயங்காலம் வரை இந்த வீட்டில் ஒரே வேலை, தண்ணீர் மாற்றுவது. அதற்கு அவள்தான் வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

எழுந்து கோட்டை மாட்டினாள்.

"எங்க கெளம்புற?" என்றாள் லொரெய்ன்.

"ஊர்வலத்துக்கு."

"பைத்தியமா உனக்கு? வான்கோழி?"

"நீதானே சொன்ன, அரை மணிக்கு ஒருதடவன்னு. உன்ன மாதிரி கரெக்டா யாராலயும் மாத்த முடியாது, லொரெய்ன். டிவிய குளியலறை வாசலுக்கு நகத்தித் தரேன். உக்காந்து பாரு."

"நான் விருந்தாளிடி!"

"விருந்தாளியாவே இரு, தொட்டி பக்கத்துல." பெர்னி கம்பளித் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கொஞ்சம் குரல் தாழ்த்தினாள். "இதான் அவனுக்குக் கடைசி வருஷம். நான் ஒரு தடவகூட அவனைப் பாத்ததில்ல, லொரெய்ன். டிவியில ஒரு தடவகூடத் தெரிஞ்சதில்ல."

லொரெய்ன் அங்கிக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். கூடப் பிறந்தவளுக்கும் நெஞ்சு இருக்கிறதே. "போ. போய்த் தொலை. வெறுங்கையோட போகாத, அந்தக் கூட்டத்துல ஒருத்தனும் நகர மாட்டான்" என்று, பெர்னி நேற்றுச் சுட்டு வைத்திருந்த இரண்டு கசகசா கேக்கில் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி அவள் கையில் திணித்தாள்.

ஏழாம் நம்பர் ரயிலில் அன்றைக்கு நிற்க இடமில்லை. நாற்பத்திரண்டாம் தெருவில் இறங்கி மேலே வந்தால் காற்று முகத்தில் அறைந்தது. கடிகாரக் கட்டடத்தைத் தேடிப் பிடித்து, எதிர் மூலைக்குப் போனாள் பெர்னி. விளக்குக் கம்பம் இருந்தது. உச்சியில் ஒரு பெட்டியும் ஒரு கண்ணாடிக் கண்ணும் இருந்தன. ஸ்டாஷ் சொன்ன மாதிரியே! அவளுக்கு ஏதோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் கம்பத்துக்கும் அவளுக்கும் நடுவில் நியூயார்க்கே நின்றது. விடிவதற்கு முன்பே மடக்கு நாற்காலி, போர்வை, சூடான காப்பிக் குடுவை சகிதம் வந்து இடம் பிடித்தவர்கள். ஆளுக்கு ஆள் முதுகு. பெர்னியின் உயரத்துக்குத் தெரிந்ததெல்லாம் கோட்டுப் பித்தான்கள்தான்.

"கொஞ்சம் வழி விடுங்க" என்று நுழைந்தாள்.

"எங்கம்மா போற? நாங்க அஞ்சு மணிக்கு வந்தோம்."

"என் புருஷன் ஊர்வலத்துல வரான்."

"என் மாமனார்கூடத்தான் வரார், சான்டா கிளாஸ் வேஷத்துல" என்றான் ஒருவன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெர்னி சமையலறைக் குரலை எடுத்தாள். "சிரிச்சது போதும், தள்ளி நில்லு!" இரண்டு பேர் பழக்கதோஷத்தில் தள்ளி நின்றுவிட்டார்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டார்களோ! அப்படியே இடித்துக்கொண்டு கம்பத்தடி வரை வந்துவிட்டாள். அங்கே ஒரு ஏணி நின்றது.

வீட்டுக்குச் சாயம் பூசும் மடக்கு ஏணி. அதன் உச்சிப் படியில், ஊதா கோட்டு போட்ட ஒரு பெண் ராணி மாதிரி உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். பெயர் மிலாக்ரோஸ், நகரத்தின் வடக்கே பிராங்க்ஸ் பக்கத்துக்காரி. வருஷா வருஷம் இந்த ஏணியை ரயிலில் தூக்கிக்கொண்டு வருகிறவள்.

"ஏணி வாடகைக்கு இல்ல" என்றாள், பெர்னி வாயைத் திறப்பதற்கு முன்பே.

"வாடகை யாரு கேட்டா? ஒரே ஒரு பலூனுக்கு மட்டும் மேல ஏறிக்கிறேன். அது போனதும் இறங்கிருவேன்."

"எந்த பலூன்?"

"காண்டாமிருகம்."

"ஐயையோ, நான் வர்றதே அதுக்குத்தான்! வேற எதையாச்சும் கேளு. அந்த ஐஸ்கிரீம் பலூனுக்கு ஏறிக்கோ."

"காண்டாமிருகத்துலதான் என் புருஷன் இருக்கான்."

"உள்ளயா?"

"கயித்துல! வலது பின்னங்கால்."

மிலாக்ரோஸ் கடலை மெல்வதை நிறுத்தினாள். பெர்னி காகிதத்தைப் பிரித்துக் கேக்கைத் தூக்கிக் காட்டினாள். கசகசாவும் தேனும் சேர்ந்த வாசனை அந்தக் குளிரிலும் மேலே ஏறியது.

"இது என்ன?"

"கசகசா கேக். எங்க மாமியார் பக்குவம். நேத்துதான் சுட்டேன்."

"முழுசுமா?"

"முழுசும்."

"உன் புருஷன் மேல அவ்ளோ ஆசையா, இல்ல எவகூடயாவது சுத்துறானான்னு கையும் களவுமாப் புடிக்க வந்தியா?"

"ஆசைதான்" என்றாள் பெர்னி. சொல்லிவிட்டு அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை வயதில் நடுத்தெருவில், முன்பின் தெரியாதவளிடம்! பிறகு, எதற்கு மறைப்பது என்று, கம்பத்து உச்சியைக் காட்டிக் கதையைச் சொன்னாள். கேமரா, கையாட்டல், பற்பசை விளம்பரம், பாத்தியா, பாத்தேன், கடைசி வருஷம், எல்லாம்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற போலீஸ்காரர் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். "அம்மா, எந்தக் கேமரா?" என்றார்.

"இதோ, இதுதான். டிவிக்காரங்களோடது."

போலீஸ்காரர் அண்ணாந்து பார்த்தார். மிலாக்ரோஸைப் பார்த்தார். காலால் தரையைத் தேய்த்தார். "இது டிவி இல்லம்மா. இது போக்குவரத்து ஆபீஸ் கேமரா. வண்டி நெரிசல் பாக்கறதுக்கு. டிவிக்காரங்க இன்னும் தள்ளி, ஊர்வலம் முடியற எடத்துலதான் இருக்காங்க."

பெர்னி மறுபடியும் கம்பத்து உச்சியைப் பார்த்தாள். அப்படியென்றால், இத்தனை வருஷமும் அந்த மனுஷன் கை வலிக்க வலிக்கக் காட்டியது யாருக்கு? ஏதோ ஒரு ஆபீஸில், டோனட் தின்றுகொண்டு, லாரி எங்கே நிற்கிறது என்று பார்க்கிற ஒருவனுக்கா? முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு இரண்டும் சேர்ந்து வந்து மூக்கு ஒழுக ஆரம்பித்தது. மிலாக்ரோஸ் ஒரு கைக்குட்டையைக் கீழே போட்டாள்.

"மேல வா" என்றாள். "கேக்கக் குடு, நீ மேல வா. இந்தக் கதைக்கு நான் கேக்கே வாங்கியிருக்கக் கூடாது. ஆனா வாங்கிக்கறேன், வாசனை அப்படி."

பெர்னி ஏறினாள். ஏணி ஆடியது. மிலாக்ரோஸ் கீழே இறங்கி, தன் இரண்டு கையாலும் ஏணிக் காலைப் பிடித்துக்கொண்டாள். வேர்க்கடலை கோட்டுப் பைக்குள் போயிற்று.

அப்போதுதான் தெரு முழுக்கத் தெரிந்தது. அடேயப்பா! டிவியில் பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. டிவியில் இந்தச் சத்தம் வராது, முரசு அடித்தால் வயிற்றுக்குள் இடிப்பது வராது, குதிரைச் சாண வாசனையும் வராது. டெக்சாஸிலிருந்து வந்த வாத்தியக் குழு போயிற்று, பிள்ளைகளின் உதடெல்லாம் நீலம். கோமாளிகள் காகிதத் துணுக்குகளை வீசினார்கள், பெர்னியின் தொப்பியெல்லாம் ஒட்டிக்கொண்டது. பெர்னி வாயைப் பிளந்தபடி நின்றாள். இவ்வளவு நாள் ஒரு ரயில் தூரத்தில் இதை வைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டோமே என்று ஆற்றாமையாக இருந்தது. இன்றைக்காவது கிடைத்ததே என்று அதைவிட நிறைவாகவும் இருந்தது. வான்கோழிக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள்.

காற்றுதான் வரவரப் பலத்துக்கொண்டே போயிற்று. "காத்து ஜாஸ்தியானா பெரிய பலூனையெல்லாம் ஓரங்கட்டிருவாங்க" என்று பக்கத்தில் ஒருவன் சொன்னான். பெர்னி ஏணியிலிருந்து குனிந்து போலீஸ்காரரைக் கேட்டாள். அவர் காதில் இருந்த கருவியை அழுத்திக் கேட்டுவிட்டு, "வருது, வருது. ஆனா தாழ்வாத்தான் வருது. கயித்தச் சுருக்கிட்டாங்க" என்றார்.

முதலில் கொம்பு தெரிந்தது. பிறகு சிவப்புக் கழுத்துத்துணி. காண்டாமிருகம் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, குடித்தவன் மாதிரி வந்தது. வழக்கமாக மாடிகளின் உயரத்தில் போகிறது இன்று விளக்குக் கம்பத்தை உரசுகிற மாதிரி வந்தது. கீழே சாம்பல் நிறச் சட்டை போட்ட ஆண்களும் பெண்களும் கயிற்றோடு மல்லுக்கட்டினார்கள். எல்லாருக்கும் ஒரே சட்டை, ஒரே தொப்பி. பெர்னி வலது பின்னங்காலைத் தேடினாள். கண்டுபிடித்தாள். நொண்டி நடந்த அந்த ஒருவனைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஸ்டாஷ் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துவந்தான். கயிற்றுக்காரர்களின் தலைவன் ஊதும் விசில், "வலது பக்கம் இழு, விடாதே" என்ற கூச்சல். ஒரு கையை எடுத்தால் போதும், காண்டாமிருகம் கம்பத்தில் போய் மோதும். பெர்னிக்குப் புரிந்துவிட்டது. இன்றைக்கு அவன் கையாட்ட முடியாது. எதைப் பார்க்க வந்தாளோ அது கிடையாது.

மூலை வந்தது. ஸ்டாஷ் கையை எடுக்கவில்லை. ஆனால் முகத்தைத் திருப்பினான். கம்பத்து உச்சியை நேராகப் பார்த்து, உயிரைக் கொடுத்துக் கத்தினான்: "பெர்னீ! வான்கோழிய எடுத்து வைக்க மறந்துட்டேன்! திட்டாதடீ!"

ஒரு கணம் அந்த மூலையில் எல்லாரும் வாயடைத்து நின்றார்கள். பெர்னிக்கு வாய் தன்னால் திறந்துவிட்டது. சமையலறைக் குரல், முழுசும்: "தொட்டியில போட்டாச்சு! லொரெய்ன் பாத்துக்கறா! நீ கயித்த விடாத!"

ஸ்டாஷின் தாடை தொங்கிவிட்டது. அவன் கம்பத்து உச்சியையே பார்த்தான். கேமராவைப் பார்த்தான். அது பதில் சொல்லுமா? கீழே ஏணியில் ஒரு குள்ளச்சி இரண்டு கையையும் ஆட்டுவதை அவன் பார்க்கவே இல்லை. விசில் கேட்டது, காண்டாமிருகம் இழுத்தது, பின்னால் வந்த வாத்தியக் குழு முரசை அடித்தது. "இங்க! கீழ பாரு!" என்று பெர்னி கத்தியதெல்லாம் அதில் கரைந்துவிட்டது. அவன் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டே போய்விட்டான். ஏணிக்குக் கீழே மிலாக்ரோஸ் ஏணியை விடவும் முடியாமல் வயிற்றைப் பிடிக்கவும் முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பெர்னி ஏணியிலேயே நின்று காண்டாமிருகத்தின் வால் மறைகிறவரை பார்த்தாள். அழுகை வந்தது. அவ்வளவு காற்றில், அவ்வளவு வலியில், உலகத்தில் அவன் சொல்ல நினைத்தது தன்னிடம்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேறென்ன வேண்டும் ஒரு பெண்ணுக்கு?

வீட்டுக்கு ஸ்டாஷுக்கு முன்பே வந்துவிட்டாள். லொரெய்னிடம் எல்லாவற்றையும் சொல்லி, "வாயத் தொறந்த, கொன்னுருவேன்" என்றும் சொல்லி வைத்தாள்.

வான்கோழி இன்னும் தொட்டியில்தான் மிதந்தது. அதனால் மற்றதையெல்லாம் வைத்து விருந்தைத் தொடங்கினார்கள். மசித்த உருளைக்கிழங்கு, கிரான்பெரி, வான்கோழிக்குள் அடைக்கிற ரொட்டிக் கலவை, ஒரு போலிஷ் சாசேஜ். மூன்று பேர். ஸ்டாஷ் முகம் கழுவி உடை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். உள்ளங்கை இரண்டும் கயிறு அறுத்துச் சிவந்திருந்தன. வந்ததிலிருந்து அவன் பாத்தியா என்று கேட்கவே இல்லை. வான்கோழியைப் பற்றியும் மூச்சு விடவில்லை. ஒரு மாதிரி பெர்னியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தான்.

நன்றி சொல்லும் முறை வந்தது. லொரெய்ன், "குழாயில தண்ணி வந்துச்சு, நன்றி" என்று முடித்துக்கொண்டாள்.

ஸ்டாஷ் தொண்டையைக் கனைத்தான். "சொன்னா நம்ப மாட்டீங்க. என்னைப் பைத்தியம்னு நெனச்சாலும் பரவால்ல. இன்னைக்கு அந்தக் கேமரா எங்கிட்ட பேசுச்சு. பெர்னி கொரல்ல. அப்படியே அவ கொரல். தொட்டியில போட்டாச்சுன்னு சொல்லுச்சு. வந்து பாக்குறேன், வான்கோழி தொட்டியில கெடக்கு!" கையால் நெஞ்சைத் தொட்டான். "யாரு செஞ்சதோ, எனக்குத் தெரியாது. அவங்களுக்கு நன்றி."

லொரெய்ன் வாயில் நாப்கினைத் திணித்துக்கொண்டாள்.

"உன் மொறை பெர்னி" என்றான் ஸ்டாஷ்.

பெர்னி முட்கரண்டியைக் கீழே வைத்தாள். "பிராங்க்ஸ்ல மிலாக்ரோஸ்னு ஒருத்தி இருக்கா. ஏணி குடுத்தா. கீழ நின்னு நான் விழாம புடிச்சுக்கிட்டா. அவளுக்கு நன்றி."

"எந்த ஏணி?"

"கம்பத்தடியில நின்ன ஏணி."

ஸ்டாஷ் அவளைப் பார்த்தான். அவள் தலைமுடியைப் பார்த்தான். காதுக்குப் பின்னால், தொப்பிக்குள் நுழைந்து ஒட்டிக்கொண்ட ஒரு மஞ்சள் காகிதத் துணுக்கு இன்னும் இருந்தது. கையை நீட்டி அதை எடுத்தான். விரல் நுனியில் வைத்துத் திருப்பிப் பார்த்தான்.

"நீ வந்தியா?"

"வந்தேன்."

"அப்ப கேமரா..."

லொரெய்னால் அதற்குமேல் முடியவில்லை. "அது போக்குவரத்து ஆபீஸ் கேமராடா மடையா! இத்தன வருஷமா லாரிக்கும் பஸ்ஸுக்கும் டாட்டா காட்டியிருக்க!"

ஸ்டாஷும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் மெல்ல நிறுத்தினான். விஷயம் மெதுவாக அவனுக்குள் இறங்கியது. "அப்ப, பெர்னி, வருஷா வருஷம் பாத்தேன் பாத்தேன்னு சொன்னியே?"

பெர்னி கிரான்பெரியைக் கிளறவில்லை. இந்தத் தடவை அவனையே பார்த்தாள்.

"நீ வருஷா வருஷம் காட்டுனதானே?"

"காட்டுனேன்."

"எனக்குத்தானே?"

"வேற யாருக்கு?"

"அப்ப நான் சொன்னதுல என்ன தப்பு?"

குளியலறையில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. அரை மணி ஆகிவிட்டது என்று லொரெய்ன் எழுந்து போனாள்.

"இன்னைக்குத்தான் காட்ட முடியாமப் போச்சு" என்றான் அவன். "கடைசி நாள் பாத்து, கையே எடுக்க முடியல."

"பரவால்ல விடு."

அவன் விடவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தோலுரிந்த வலது கையைத் தூக்கினான். தலைக்கு மேலே, கம்பத்து உச்சிக்குக் காட்டுகிற உயரத்துக்கு. அவளைப் பார்த்து ஆட்டினான்.

"பாத்தியா?" என்றான்.

"பாத்தேன்" என்றாள் பெர்னி.